கோவா டைம்ஷேரை விற்கப் போய் 1,18,200 ரூபாயை விட்டேன்

கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுங்கள் என்று வீட்டில் சொன்னார்கள். ஆறிவிட்டால் நான் எழுத மாட்டேன், அதனால் இப்போதே. போன மாதம் 11ஆம் தேதியிலிருந்து 19ஆம் தேதிக்குள், மூன்று தவணையாக, என் விரலாலேயே தட்டி அனுப்பிய பணம் 1,18,200 ரூபாய்.

2009இல் கோவாவில் ஒரு ரிசார்ட்டில் டைம்ஷேர், அதாவது வருடா வருடம் குறிப்பிட்ட ஒரு வாரம் அங்கே தங்கும் உரிமை, வாங்கினோம். 2,75,000 ரூபாய், 25 வருடம், வருடத்துக்கு ஒரு வாரம். எங்கள் வாரம் 28ஆவது வாரம், அதாவது ஜூலை நடு. கோவாவில் ஜூலை என்றால் கொட்டுகிற மழை, கடலில் இறங்காதே என்று சிவப்புக் கொடி, பீச் ஓரக் குடில் கடைகளை எல்லாம் பிரித்துப் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் சின்ன வயதில் இருந்தவரை அந்த மழையும் நன்றாகத்தான் இருந்தது. இப்போது யாரும் கிளம்புவதில்லை. போனாலும் போகாவிட்டாலும் பராமரிப்புக் கட்டணம் மட்டும் தவறாமல் வருகிறது. சரி, விற்றுவிடலாம் என்று மறுவிற்பனைக்கென்றே இருக்கிற ஒரு இணையதளத்தில் 90,000 விலை போட்டு வைத்தேன். ஏழு மாதம் ஈ, காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு போன். பனாஜி ஆபீஸிலிருந்து பேசுகிறோம் என்றான், அழகான தமிழில். ஒரு பெரிய கம்பெனி தன் ஊழியர்களுக்காக மொத்தமாக வாரங்களை வாங்குகிறதாம், எந்த சீசனானாலும் பரவாயில்லையாம், எனக்கு 4,60,000 தருமாம். நான் கேட்டதே 90,000! இன்னும் ஒன்பது வருடம்தான் பாக்கி இருக்கிற மழைக்கால வாரத்துக்கு, நான் புதிதாக வாங்கிய விலையைவிட அதிகம். அங்கேயே போனை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை, ஏனென்றால் என் உறுப்பினர் எண், எத்தனையாவது வாரம், எத்தனை பெட்ரூம், இரண்டு வருடக் கட்டணம் பாக்கி என்பது வரை அவன் ஒப்பித்தான். அதற்கு மேல் ஒன்று சொன்னான் பாருங்கள், அதில்தான் நான் விழுந்தேன்: "சார், இப்ப நிறைய ஃப்ராடு நடக்குது. ஓடிபி யார் கேட்டாலும் குடுக்காதீங்க, நானே கேட்டாலும் குடுக்காதீங்க." திருடன் இப்படியா பேசுவான் என்று நினைத்தேன். ஓடிபியை அவன் கடைசிவரை கேட்கவே இல்லை. கேட்க வேண்டிய அவசியம் இல்லையே, நானேதானே போட்டு அனுப்பினேன்.

முதலில் பதிவுக் கட்டணம் 12,000, ஜிஎஸ்டியோடு 14,160. அனுப்பிய அன்று மாலையே 4,60,000க்கு என் பெயரில் எடுத்த டிடியின் (பேங்க் டிமாண்ட் டிராஃப்ட்) படம் வாட்ஸப்பில் வந்தது. என் பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக இருந்தது. ரிசார்ட்காரர்கள் 2009லேயே செய்த அதே தப்பு, உறுப்பினர் அட்டையிலும் அப்படித்தான் இருக்கும். பார், ரிசார்ட் ரெக்கார்டைப் பார்த்துத்தான் டிடியே எடுத்திருக்கிறார்கள் என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டினேன். ரிசார்ட்டின் உறுப்பினர் பட்டியல் எங்கிருந்தோ கசிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று இன்றைக்குப் புரிகிறது. அவள் அன்றைக்கே கேட்டாள்: "ஏங்க, பணம் தர வேண்டியவன் எதுக்கு நம்மகிட்ட பணம் கேக்கறான்?" உனக்கு இதெல்லாம் புரியாது என்று சொன்னேன். அந்த வாக்கியத்தை இப்போது தினமும் எனக்குத் திருப்பிச் சொல்கிறாள்.

அடுத்தது விற்பனைத் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 82,800. "இது எங்களுக்கு இல்ல சார், கவர்மென்டுக்கு. டிடியோட சேர்ந்து திரும்பி வந்துடும்." அதற்கு அடுத்தது ரிசார்ட்டின் தடையில்லாச் சான்றுக்கு 21,240. பணம் போன அக்கவுண்ட் ஏதோ டிரேடர்ஸ் பெயரில் இருந்தது. கேட்டால் எங்கள் ஆடிட்டர் அக்கவுண்ட் என்றான். நாலாவதாக ரிசர்வ் வங்கி கிளியரன்ஸ் 32,000 என்றபோதுதான் எனக்கு உறைத்தது. டிடியை முதலில் கொரியரில் அனுப்புங்கள் என்றேன். மேனேஜர் மீட்டிங்கில், மேனேஜர் லீவில், சர்வர் டவுன், திங்கட்கிழமை பேசுகிறோம். திங்கட்கிழமை போன் ஸ்விட்ச் ஆஃப்.

பிறகு தொடங்கியது அலைச்சல். பேங்கில் ஒரு பெண் கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் தூக்காமலே, "நீங்களேதானே அனுப்பியிருக்கீங்க" என்றார். இணையதளக்காரர்கள், விளம்பரம் போடுவதோடு எங்கள் வேலை முடிந்தது என்று இரண்டு வரி மெயில். ரிசார்ட்டின் கஸ்டமர் கேர் எல்லாவற்றையும்விடக் கொடுமை. என் தகவல் எப்படி வெளியே போனது என்று கேட்டால், "உங்க பாக்கியைக் கட்டினாத்தான் சார் புகாரையே பதிவு பண்ண முடியும்" என்கிறார்கள். கடைசியாக 1930க்கு, சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு, அடித்தேன். மரியாதையாகப் பேசினார்கள், பொய் சொல்லக் கூடாது. ஆனால் முதல் கேள்வியே எப்போது அனுப்பினீர்கள் என்பதுதான். கடைசித் தவணை போய் ஏழு நாள் ஆகியிருந்தது. பணம் அதற்குள் வேறு வேறு அக்கவுண்டுகளுக்குப் பிரிந்து போய்விட்டது. 1,18,200 ரூபாய்க்குப் பதிலாக என்னிடம் இருப்பது ஒரு புகார் எண்.

அவன் அனுப்பிய பில்லை இப்போது எடுத்துப் பார்க்கிறேன். முகவரி பனாஜி. 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணோ 07 என்று தொடங்குகிறது. முதல் இரண்டு இலக்கம் மாநிலக் குறியீடு: 07 டெல்லி, கோவாவுக்கு 30. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் வேறு ஏதோ ஒரு கடையின் பெயர் வருகிறது. இரண்டு நிமிட வேலை, காசு கொடுக்கும் முன்னால் செய்யவில்லை. இது நம்மூரில் மட்டும் நடக்கிற கூத்தும் இல்லை. மெக்சிகோவில் புவேர்த்தோ வயார்த்தா என்ற கடற்கரை ஊரில் டைம்ஷேர் வாங்கி வைத்த அமெரிக்கர்களை இதே மாதிரி முன்பணம் கேட்டுக் கறந்திருக்கிறார்கள். பின்னால் இருந்தது ஒரு போதைப்பொருள் கும்பல். 2023இல் அமெரிக்க நிதித்துறை அதற்குத் துணைபோன கம்பெனிகள் மீது தடையே போட்டது. அதைப் படித்து எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்றால் சிரிக்காதீர்கள்.

எப்படிப் பத்திரமாக விற்பது என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. விற்கிறவன் முன்பணம் கட்டுவது எந்த ஊர் வியாபாரத்திலும் கிடையாது. கமிஷன் என்றால் பணம் கைக்கு வந்த பிறகு. நம்மைப் போலத் தனி ஆள் விற்கும்போது மொத்த விலைக்கும் ஜிஎஸ்டியை முன்கூட்டியே புரோக்கர் கையில் கட்டச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. பெயர் மாற்றத்துக்கான படிவமும் கட்டணமும் ரிசார்ட்டிடமே இருக்கும், உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள நம்பருக்கு நீங்களே போன் பண்ணிக் கேளுங்கள், அவன் கொடுத்த நம்பருக்கு இல்லை. டிடியின் படம் பணம் இல்லை. ஏமாந்துவிட்டால் அந்த மணி நேரத்திலேயே 1930, என்னைப் போல வெட்கப்பட்டு ஒரு வாரம் உட்காராதீர்கள். ரிசார்ட் மீதான புகாருக்கு 1915, நுகர்வோர் உதவி எண், நான் இன்னும் அடிக்கவில்லை. முக்கியமாக இன்னொன்று: புகார் கொடுத்த நாலாவது நாள் ஒரு "வக்கீல்" கூப்பிட்டு, போன பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் 9,999 மட்டும் என்றார். அவருக்கும் என் உறுப்பினர் எண் தெரிந்திருந்தது.

இன்று காலை ரிசார்ட்டிலிருந்து இந்த வருடப் பராமரிப்புக் கட்டண பில் வந்திருக்கிறது, பழைய பாக்கியும் வட்டியும் சேர்த்து. அதிலும் 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கிறது. நம்பர் 30இல்தான் தொடங்குகிறது, பார்த்துவிட்டேன்.