மெகாவாட் ஒன்றுபோல இருந்தாலும்: ஜே-பார்க், எஸ்என்எஸ், பிஎஸ்ஐ

ஜப்பானின் டோக்காயில் ஜே-பார்க், அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் எஸ்என்எஸ், சுவிட்சர்லாந்தின் வில்லிகனில் பிஎஸ்ஐ. மூன்றும் மெகாவாட் அளவில் புரோட்டான் கற்றை தரும் துகள் முடுக்கி நிலையங்கள். அந்தக் கற்றையை உலோக இலக்கில் மோதவிட்டு, சோதனைகளுக்கு வேண்டிய நியூட்ரான் போன்ற துகள்களைப் பெறுகிறார்கள். ஆனால் எங்கே போய்ச் சோதனை செய்வது என்று முடிவெடுக்க மெகாவாட் கணக்கு போதாது. அந்தத் திறன் தொடர்ந்து பாய்கிறதா, துடிப்பு துடிப்பாக வருகிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

பிஎஸ்ஐயின் வளைய சைக்ளோட்ரான் (துகள்களைச் சுழலவிட்டு வேகமேற்றும் முடுக்கி) 1974 முதல் ஓடுகிறது. 590 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் 2 மில்லிஆம்பியருக்கு மேல், இடைவிடாமல். எஸ்என்எஸ் நொடிக்கு 60 துடிப்பு. ஜே-பார்க் நியூட்ரான் கூடத்துக்கு 25. இப்போது வகுத்துப் பாருங்கள்: 1.4 மெகாவாட்டில் எஸ்என்எஸ் துடிப்பு ஒன்றுக்கு 23 கிலோஜூல். 1 மெகாவாட்டிலேயே ஜே-பார்க் 40 கிலோஜூல். அதுவும் ஒரு மைக்ரோநொடிக்குள்.

அந்த அடி விழுவது பாதரசத்தில். இரண்டு துடிப்பு நிலையங்களிலும் எஃகுக் கலத்துக்குள் பாதரசம் சுற்றி ஓடுகிறது. கற்றை பட்டதும் பாதரசம் சட்டென்று சூடாகி விரிய இடமில்லாமல் அழுத்த அலை கிளம்புகிறது. சுவரில் மோதித் திரும்பும்போது அழுத்தம் எதிர்மறையாகி நுண்குமிழ்கள் உண்டாகின்றன. அவை சுவரருகே வெடித்துச் சுருங்கும் ஒவ்வொரு முறையும் எஃகில் ஒரு குழி. குழிகள் சேர்ந்தால் சுவரே அரிக்கப்படும். இதற்கு மருந்து, பாதரசத்தில் பொடிப்பொடியாக ஹீலியம் குமிழ்களைக் கலப்பது. அவை அமுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. இரு நிலையங்களும் அதையே செய்கின்றன. துடிப்பின் ஆற்றல் கூடக் கூடச் சேதம் வேகமாக ஏறும் என்பதால், இந்த இடத்தில் ஜே-பார்க்கின் 1 மெகாவாட்தான் கடினமான வேலை என்பது எங்கள் கணிப்பு.

பிஎஸ்ஐக்கு இந்தத் தொல்லை இல்லை. சிர்கோனியக் கலவைக் குழாய்களுக்குள் ஈயம், சுற்றிலும் கனநீர். அங்கே கவலை வேறு: கற்றை தடைபட்டு மீளும்போதெல்லாம் இலக்கு குளிர்ந்து சூடேறுவது.

முடுக்கும் வழியிலும் எஸ்என்எஸ்ஸும் ஜே-பார்க்கும் பிரிகின்றன. எஸ்என்எஸ் நேர்கோட்டு முடுக்கியிலேயே முழு ஆற்றலையும் ஏற்றிவிட்டு, வளையத்தில் துடிப்பைச் சுருக்க மட்டும் செய்கிறது. ஜே-பார்க் 400 மெகா எலக்ட்ரான்வோல்ட்டில் வளையத்துக்குள் விட்டு, அங்கே 3 கிகா எலக்ட்ரான்வோல்ட்டுக்கு ஏற்றுகிறது. காந்தப்புலம் நொடிக்கு 25 முறை ஏறி இறங்குவதால் உலோகக் குழாயில் சுழல் மின்னோட்டம் கிளம்பிச் சூடாகும். ஆகவே காந்தங்களுக்குள் பீங்கான் குழாய்.

பயனருக்கு எது? நியூட்ரான் பறக்கும் நேரத்தை அளந்து ஆற்றலைக் கண்டறிபவர்களுக்குத் துடிப்பு நிலையமே வசதி. தொடக்க நேரம் தானாகக் கிடைக்கிறது. 25 துடிப்பில் அடுத்ததற்கு 40 மில்லிநொடி இடைவெளி. 60 துடிப்பில் சுமார் 17தான். மெதுவான நியூட்ரான்களின் அகன்ற அலைநீளப் பட்டை வேண்டுமென்றால் ஜே-பார்க்.

மியூவானில் கதை மாறுகிறது. இது எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான, சீக்கிரம் சிதைந்துவிடும் துகள். ஒரு மியூவான் எலக்ட்ரானும் ஃபோட்டானுமாகச் சிதைகிறதா என்று தேடும்போது, வெவ்வேறு மியூவான்களிலிருந்து தற்செயலாக ஒன்றுசேரும் துகள்களே பெரிய தொல்லை. அந்த இரைச்சல், மியூவான்கள் வரும் கணநேர வீதத்தின் இருபடிக்கு ஏற்பப் பெருகும். ஒரே துடிப்பில் குவிந்து வந்தால் கெட்டது. பரவி வந்தால் நல்லது. அதனால்தான் இந்தச் சிதைவைத் தேடும் மெக் சோதனை பிஎஸ்ஐயில் நடக்கிறது. காந்தப்புலத்தில் மியூவானின் தற்சுழற்சித் திசை அதிவேகமாகச் சுழல்வதைப் பிடிக்கவும் அதே இடம். நீண்ட நேரச் சிதைவை இரைச்சலின்றி அளக்க வேண்டுமென்றால் ஜே-பார்க். துடிப்பு முடிந்தபின் புதிய மியூவான் குறுக்கே வராது.

295 கிலோமீட்டர் தள்ளியுள்ள சூப்பர்-காமியோகாண்டே உணர்கருவிக்கு நியூட்ரினோ (எதனுடனும் அரிதாகவே மோதும் துகள்) அனுப்புவது மட்டும் ஜே-பார்க்கின் தனி வேலை. அதற்கு 30 கிகா எலக்ட்ரான்வோல்ட் முதன்மை வளையம் பயன்படுகிறது.