கேன் 1975: வினைலா, சிடியா?

ஜெர்மனியின் கொலோன் நகரத்து ராக் இசைக்குழுவான கேனின் 'லைவ் இன் ஸ்டுட்கார்ட் 1975' கச்சேரிப் பதிவை எதில் வாங்கலாம் என்று மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் மாமா மகன் கேட்டான். 2021-இல் வெளிவந்தது. மூன்று வினைல் இசைத்தட்டுகள், இல்லாவிட்டால் இரண்டு சிடிகள். உள்ளே இருக்கும் இசைத்துண்டுகளுக்கு ஐன்ஸ் (ஒன்று), ட்ஸ்வை (இரண்டு) என்று ஜெர்மன் எண்களே தலைப்பு. நான்கு பேரின் வாசிப்புதான், பாடகர் இல்லை.

விலை: வினைல் கூடுதல், தபால் செலவும் அப்படித்தான். சிடி மலிவு.

தாக்குப்பிடிப்பது: நம் ஊர் ஈரத்துக்கு அட்டையுறை தாங்காது. என் பழைய தட்டு ஒன்றின் உறையோரம் சாம்பல் புள்ளி விழுந்து, தொட்டால் மாவாக உதிர்ந்தது. சிடியின் பிளாஸ்டிக் பெட்டியைத் துடைத்தால் போதும்.

கேட்பது: எனக்கு இதுதான் முக்கியம். வினைலின் ஒரு பக்கம் இருபது நிமிடச் சொச்சம்தான் நன்றாகக் கொள்ளும். மூன்றாவதான 'ட்ரை' அரை மணி நேரத்தைத் தாண்டும். டிரம்ஸ் வாசிக்கும் ஜாக்கி லீபெட்சைட் ஒரே தாளத்தை விடாமல் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போவார். தோட்டத்துத் திருவிழாவில் உருமி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஏற்றம் உடனே பிடிபடும். நடுவில் எழுந்து தட்டைத் திருப்ப மனசு வராது.

குளிர்சாதன அறையும், பெரிய உறையை மடியில் வைத்துப் பார்க்கும் ஆசையும் இருந்தால் வினைல். ஈப்போ போகும் வழியில் காரில் போடணும் என்றால் சிடி. அவனிடம் சிடியே வாங்கச் சொன்னேன்.