2014 ஸ்டார்ட்டர் செட்: ஐந்து பேர், ஒரு பெட்டி

மழையில் ரப்பர் பால்வெட்டு நின்றால் குலசேகரத்தில் எங்களுக்கு வேறு வேலையே கிடையாது. சென்னையில் இருக்கும் கூட்டுக்காரன் வீட்டில் விட்டுப்போன டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஸ்டார்ட்டர் செட்டை அப்படி ஒரு ஜூன் மாதம்தான் பிரித்தோம். ஒருத்தன் கதை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டு இது.

உள்ளே 64 பக்கத்தில் கதை, 32 பக்கத்தில் விதிகள், தயாராக எழுதிய ஐந்து பாத்திரங்கள், ஆறு பகடைகள். பாதையில் இரண்டு குதிரைகள் செத்துக் கிடப்பதில் கதை தொடங்கும், "இறங்கிப் பார்ப்போம் மக்கா" என்று ஒருத்தன் சொன்னதுமே புதரிலிருந்து அம்பு. முதல் சண்டையிலேயே இருபது முகப் பகடை உருண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, டார்ச் அடித்துப் பார்த்தால் 1! குறை என்றால் இந்தப் பகடைதான். ஒரே செட், ஆளாளுக்குக் கை மாற்றியே நேரம் போகிறது. சொந்தமாகப் பாத்திரம் உருவாக்கும் விதியும் பெட்டியில் இல்லை, ஆனால் அது இலவச பிடிஎஃப்பில் கிடைக்கும்.

பெட்டியின் விலை அன்று 20 டாலர். அதை வைத்து ஐந்து பேர் மூன்று மாதம் ஆடினோம். அப்புறம் முழு விதிகளும் இருக்கும் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வாங்கியது கதை நடத்தும் நான் மட்டும், மற்ற நாலு பேரும் என் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள், மந்திரப் பக்கத்தில் தேயிலைக் கறை வேறு. அப்படியானால் கம்பெனி எப்படிப் பிழைக்கும்?

முதலில் இந்த விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனி, 90களில் கதை நடக்கும் கற்பனை உலகங்களை ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் புத்தகம் போட்டு இறக்கியது. ஒரு உலகத்தில் ஆடுகிறவன் இன்னொன்றை வாங்கமாட்டானே! கடன் ஏறி, 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் அதை வாங்கியது. அவர்களும் 2000இல் மூன்றாம் பதிப்பைக் கொண்டுவந்துவிட்டு மூன்றே வருடத்தில் 3.5 என்று திருத்திய புத்தகங்களை இறக்க, வாங்கி வைத்தவனுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா?

தினமும் வெட்டினால் பால் கூடும், சரி, ஆனால் பட்டை வறண்டு மரம் நின்றுவிடும், அதனால்தான் இங்கே ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுகிறோம். 2014க்கு அப்புறம் விசார்ட்ஸ்காரர்களும் அந்தக் கணக்குக்கு வந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். வருடத்துக்குச் சில புத்தகங்கள்தான், அடிப்படை விதி இலவசம். எனக்கு அது வசதி, எல்லாம் வாங்கவில்லையே என்ற உறுத்தல் இல்லை. 2024இல் வந்த 384 பக்கப் புது ஹேண்ட்புக்கை வைத்தும் பழைய கதைகளை ஆடலாம் என்கிறார்கள். ஆனால் இந்த விளையாட்டின் விதிகளையும் பாத்திரங்களையும் இணையத்தில் வைத்திருக்கும் டி அண்ட் டி பியாண்ட் தளத்தை விசார்ட்ஸின் தாய் நிறுவனம் ஹாஸ்ப்ரோ 2022இல் 14.63 கோடி டாலருக்கு வாங்கியிருக்கிறது, இனி மாதச் சந்தாவில்தான் கண் இருக்கும். அந்த வெட்டு எவ்வளவு ஆழம் போகுமோ, அதில்தான் எனக்குச் சந்தேகம்.

புதிதாக ஆடுகிறவர்கள் இலவச விதியை இறக்கி, கூடுதலாக இரண்டு செட் பகடையும் ஒரு கதையும் வாங்கினால் போதும். ஹேண்ட்புக்கை ஆறு மாதம் கழித்து, கூட்டம் கலையாமல் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.