பிசிடி அப்ளிகேஷன் போட்டவங்க தயவுசெஞ்சு படிங்க: 30 மாசக் கணக்குல நாங்க ஏமாந்த கதை

நானும் என் பார்ட்னரும் மூணு வருஷம் உழைச்சு டிசைன் பண்ணின வால்வுக்கு இன்னிக்கு ஐரோப்பாவுலயும் ஜப்பான்லயும் எந்த உரிமையும் கிடையாது. யாரும் திருடல, எந்த ஆபீஸும் ரிஜெக்ட் பண்ணல. நாங்க பணம் கொடுத்து வச்சிருந்த பேட்டன்ட் ஏஜென்ட் கடைசி தேதியைத் தப்பா எண்ணிட்டார், அவ்ளோதான்.

எங்க முதல் அப்ளிகேஷன் போட்டது 2021 மார்ச் 15. அதைக் காட்டி பிசிடி, அதாவது பல நாடுகளுக்கும் சேத்து ஒரே சர்வதேச அப்ளிகேஷன், போட 12 மாசம் டைம் இருக்கு, நாங்க கடைசி வாரம் வரைக்கும் இழுத்து 2022 மார்ச் 10 அன்னிக்கு போட்டோம். இந்த ரெண்டு தேதியும் ஞாபகத்துல இருக்கட்டும், எல்லாம் இதுலதான் கெட்டுச்சு. தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை, சர்வதேச பேட்டன்ட்னு ஒண்ணு உலகத்துலயே கிடையாது. பிசிடிங்கறது 150க்கு மேல நாடுகள்ல ஒரே நேரத்துல துண்டு போட்டு இடம் பிடிச்சு வைக்கிறது மாதிரி. அப்புறம் எந்தெந்த நாட்டுல நிஜமா வேணுமோ அங்கங்க தனித்தனியா போய் ஃபீஸ் கட்டி, தேவைப்பட்டா மொழிபெயர்ப்பு கொடுத்து உள்ள நுழையணும். அதுதான் நேஷனல் ஃபேஸ். அமெரிக்கா, ஜப்பான், சீனா எல்லாம் 30 மாசம், ஐரோப்பிய பேட்டன்ட் ஆபீஸ், கொரியா, ஆஸ்திரேலியா, இந்தியா 31 மாசம்.

எதுல இருந்து 30 மாசம்? முதல் அப்ளிகேஷன் போட்ட தேதியில இருந்து, அதாவது ப்ரயாரிட்டி தேதி. பிசிடி போட்ட தேதியில இருந்து இல்ல. அப்போ எங்களுக்கு 2023 செப்டம்பர் 15தான் கடைசி, ஐரோப்பாவுக்கு இன்னும் ஒரு மாசம் கூட. எங்க ஏஜென்ட்டோட எக்செல் ஷீட்ல டியூ டேட் கட்டத்துல பச்சைக் கலர்ல இருந்தது 2024 செப்டம்பர் 10. பிசிடி தேதியில இருந்து எண்ணியிருக்கார். கிட்டத்தட்ட ஒரு வருஷம் தப்பு.

2023 பூரா நான் ரெண்டு மூணு தடவை கேட்டேன், மொழிபெயர்ப்புக்கு எப்போ கொடுக்கணும் சார்னு. ஜப்பானுக்கு ஜப்பானிய மொழியில மாத்தணும், டெக்னிக்கல் விஷயம், ஒரு வாரத்துல முடியற வேலை இல்லைன்னு எனக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில், "இப்பவே பணத்தை ஏன் சார் முடக்குறீங்க, டைம் நிறைய இருக்கு". நமக்கு நல்லதுதானே சொல்றார்னு நானும் விட்டுட்டேன்.

2024 பிப்ரவரி முதல் வாரம் ஒரு கம்பெனி லைசென்ஸ் எடுக்கலாம்னு பேச வந்தாங்க. அவங்க வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார், உங்க அப்ளிகேஷன்ல நேஷனல் ஃபேஸ் பக்கம் காலியா இருக்கே, எங்க நுழைஞ்சிருக்கீங்கன்னு. அன்னிக்கு ராத்திரி நானே பேட்டன்ட்ஸ்கோப்னு பேட்டன்ட் அப்ளிகேஷன்களைத் தேடிப் பாக்கற சைட்டை ஓபன் பண்ணி எங்க அப்ளிகேஷனோட முதல் பக்கத்தைப் பாத்தேன், 22ன்னு நம்பர் போட்டு பிசிடி தேதி, அதுக்குக் கொஞ்சம் கீழ 30ன்னு நம்பர் போட்டு ப்ரயாரிட்டி தேதி, ரெண்டும் தெளிவா அச்சாகி இருக்கு. விரல் விட்டு எண்ணினேன். கை நடுங்கிடுச்சு. ஏஜென்ட்டுக்கு போன் போட்டா அப்பவும் "இன்னும் ஏழு மாசம் இருக்கு சார்"ங்கறார். ப்ரயாரிட்டி தேதியைச் சொன்னதும் ஒரு நிமிஷம் சத்தமே இல்ல.

பிறகு தெரிஞ்சதுதான் இன்னும் வலிச்சது. ஐரோப்பிய ஆபீஸ், உங்க உரிமை போயிடுச்சுன்னு முந்தின நவம்பர்லயே லெட்டர் அனுப்பியிருக்கு. அந்த லெட்டர் தேதியில இருந்து ரெண்டு மாசத்துக்குள்ள கூடுதல் ஃபீஸ் கட்டி விட்டுப்போன வேலையை முடிச்சிருந்தா காரணமே கேக்காம சேத்துக்குவாங்க. ஆனா பிசிடி ஃபார்ம்ல எங்க அட்ரஸ் இருக்க வேண்டிய இடத்துலயும் ஏஜென்ட் தன் ஆபீஸ் அட்ரஸையேதான் போட்டிருந்தார், லெட்டர் அங்க போய் பிரிக்காமலே கிடந்திருக்கு. பிசிடியை நடத்தற ஐ.நா. அமைப்பான வைப்போ அனுப்பின நோட்டீஸும் அங்கேயேதான். எங்க கைக்கு ஒண்ணுகூட வரல. ரெண்டு மாசம் தாண்டிட்டா, முழு கவனம் எடுத்தும் தவறிப்போச்சுன்னு நிரூபிக்கணும், எண்ணத் தெரியாம விட்டதை கவனம்னு யார் ஒத்துப்பாங்க, அங்க இருக்கற அட்டர்னி கையை விரிச்சுட்டார்.

சரி, புதுசா இன்னொரு அப்ளிகேஷன் போட்டுக்கலாமேன்னு பார்ட்னர் கேட்டார். முடியாது. ப்ரயாரிட்டி தேதியில இருந்து 18 மாசம் ஆனதும் பிசிடி அப்ளிகேஷனை உலகத்துக்கே பப்ளிஷ் பண்ணிடுவாங்க, எங்களோடது 2022 செப்டம்பர்லயே வந்தாச்சு. இப்போ புதுசா போட்டா எங்க பழைய அப்ளிகேஷனே எங்களுக்கு எதிரா நிக்கும், இது ஏற்கனவே வெளிய வந்த விஷயம்னு.

ஜப்பான் கதை வேற மாதிரி. கெடு தவறினாலும் வேணும்னே விடலைன்னு சொல்லி மனு போட வழி இருக்கு, ஆனா தவறு தெரிஞ்சதுல இருந்து ரெண்டு மாசம்தான், அதுவும் கெடு முடிஞ்சு ஒரு வருஷத்துக்குள்ள. (இந்த மாதிரி சலுகையை எல்லா நாடும் ஒத்துக்கல, ஒத்துக்கிட்ட நாடுகள்லயும் சிலது ரொம்ப கறார்.) ஏஜென்ட்டே தன் செலவுல சரி பண்ணித் தரேன்னார், மனு ரெடி ஆகுது, டிரான்ஸ்லேஷன் போயிட்டிருக்குன்னு வாட்ஸ்ஆப்ல சொல்லிட்டே இருந்தார். ஏப்ரல் தாண்டிடுச்சு. எதுவுமே போகல. முதல் தப்பையாவது தப்புன்னு விடலாம், இந்த ரெண்டு மாசப் பொய்யை நான் மன்னிக்கவே மாட்டேன்.

அமெரிக்கா மட்டும் பிழைச்சுது. மே மாசம் அங்க உள்ள ஒரு அட்டர்னியை நாங்களே நேரா பிடிச்சோம், தாமதம் வேணும்னு நடந்தது இல்லைன்னு மனு, அதுக்குத் தனி ஃபீஸ், எல்லாம் கட்டினோம், ஏத்துக்கிட்டாங்க.

ஒரு விஷயம் எங்க பழைய ஏஜென்ட் சரியா சொன்னார், அதையும் சொல்லிடறேன். பப்ளிஷ் ஆன கொஞ்ச நாள்ல சீல் எல்லாம் வச்சு, ரெஜிஸ்டர்ல பதிவு பண்ண இவ்வளவு கட்டுங்கன்னு ஒரு பில் வந்துச்சு, பாத்தா அரசாங்க லெட்டர் மாதிரியே இருக்கும். கட்டாதீங்க சார்னு அவர்தான் தடுத்தார். இந்தப் போலி பில்லோட மாதிரிகளை வைப்போவே தன் சைட்ல போட்டு வச்சிருக்கு, உங்களுக்கு வந்தா ஒப்பிட்டுப் பாருங்க.

உங்க அப்ளிகேஷனை இன்னிக்கே பேட்டன்ட்ஸ்கோப்ல திறந்து 30ங்கற நம்பர் பக்கத்துல இருக்கற தேதியைப் பாருங்க, ஒண்ணுக்கு மேல தேதி இருந்தா ரொம்ப பழசு எதுவோ அதுல இருந்து எண்ணுங்க. ஏஜென்ட் எண்ணிச் சொன்ன தேதியை எழுத்துல வாங்குங்க. ஃபார்ம்ல உங்க சொந்த அட்ரஸ், உங்க ஈமெயில் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா மாத்தச் சொல்லுங்க, அதையும் 30 மாசத்துக்குள்ளதான் வைப்போகிட்ட மாத்த முடியும். வைப்போவோட ஆன்லைன் சைட்டான இ-பிசிடில உங்க பேர்லயே ஒரு அக்கவுன்ட் வச்சு ஃபைலைப் பாக்கற உரிமை கேட்டு வாங்குங்க. 26வது மாசம் தாண்டியும் எந்தெந்த நாடுன்னு ஏஜென்ட் பேச்சே எடுக்கலைன்னா காத்திருக்காம வேற ஒருத்தர்கிட்ட கேட்டுடுங்க.

எங்க ஏஜென்ட்கிட்ட ஃபைலைக் கேட்டு மூணு தடவை எழுத்துல அனுப்பியாச்சு. இன்னும் வரல. வாங்கின ஃபீஸைப் பத்தி அவர் வாயே திறக்கல.