இரவில் மங்கிய டோம் கேமராக்கள்: கானாடுகாத்தான் வீட்டில் ஐந்து வருட அனுபவம்

செட்டிநாட்டில் உள்ள எங்கள் கானாடுகாத்தான் வீடு நான்கு பங்காளிகளுக்குப் பொது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முன்னோர் படைப்புக்கும் பொங்கலுக்கும் ஆள் கூடும், மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். பர்மாத் தேக்குத் தூணும் பழைய சாமான்களும் இருக்கிற வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னையில் நிம்மதியாகத் தூங்க முடியாது. அதனால் 2020ல் முகப்பில் இரண்டு, பக்கச் சந்தில் ஒன்று, பின்கட்டில் ஒன்று என அரைக்கோள மூடி போட்ட நான்கு டோம் கேமரா மாட்டினோம்.

முதல் வருடம் இரவிலும் படம் அருமையாக இருந்தது. இரண்டாம் வருடம் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் போன் செய்தார். "தம்பி, பகல்ல பளிச்சுனு தெரியுது. ராத்திரியானா மார்கழிப் பனி மாதிரி வெள்ளையா மூடிக்குது." என் போனில் பார்த்தால் அப்படியேதான் இருந்தது. வாசலில் ஆள் நிற்பது தெரிகிறது, முகம் தெரியவில்லை. மாட்டிக்கொடுத்தவர், "கேமரா ஆயுசு முடிந்துவிட்டது, நான்கையும் மாற்றிவிடலாம்" என்றார். நானும் கிட்டத்தட்டச் சரி சொல்லிவிட்டேன். நல்லவேளை, அந்த வாரமே ஊருக்குப் போய் ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன்.

டோம் மூடி முழுக்கச் செம்மண் புழுதி. அதன் மேல் மழைச் சொட்டு காய்ந்த வட்டங்கள், ஒரு ஓரத்தில் நூலாம்படை. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்தபோது தெறித்த வெள்ளைப் புள்ளிகள் வேறு.

பகலில் தெரியாத அழுக்கு இரவில் மட்டும் ஏன் படத்தைக் கெடுக்கிறது? டோமுக்குள் லென்ஸைச் சுற்றி, இருட்டில் எரிகிற ஐ.ஆர் (அகச்சிவப்பு) எல்.இ.டி.கள் இருக்கின்றன. பெரும்பாலானவை 850 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி. இருட்டில் கிட்டப்போய்ப் பார்த்தால் மங்கலான சிவப்பாகத் தெரியும். அந்த ஒளி வெளியே போவதும் அதே மூடி வழியாகத்தான், படம் உள்ளே வருவதும் அதே மூடி வழியாகத்தான். மூடியில் தூசி இருந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறி நேரே லென்ஸுக்குத் திரும்பிவிடுகிறது. கார் கண்ணாடியில் புழுதி படிந்திருக்கும்போது எதிர் வண்டியின் வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாதே, அதே கதைதான். இங்கே அடிக்கிற வெளிச்சம் கேமராவின் சொந்த வெளிச்சம். வெள்ளைச் சுவரை ஒட்டி மாட்டினாலும் இதே தொல்லை வரும். சந்துக் கேமராவைச் சுவரிலிருந்து சற்றுத் திருப்பிய பிறகுதான் அதில் இருட்டு இருட்டாகத் தெரிந்தது.

முதல் தடவை நான் செய்தது தப்பு. பின்கட்டுக் கேமராவைக் காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்தேன். மூடி பாலிகார்பனேட் பிளாஸ்டிக், கண்ணாடி இல்லை. செம்மண்ணில் இருக்கிற நுண்மணல் உப்புத்தாள் போல இழுத்து, மெல்லிய கீறல்கள் விழுந்துவிட்டன. இரவில் ஒவ்வொரு கீறலும் ஒரு வெள்ளைக் கோடு. கண்ணாடி துடைக்கிற ஸ்பிரே, தின்னர், ஸ்பிரிட் எதையும் மூடிமேல் காட்டாதீர்கள். அமோனியாவும் கரைப்பான்களும் பிளாஸ்டிக்கை வெளுக்கச் செய்யும், நுண்விரிசல் விடும்.

இப்போது அண்ணன் செய்கிற முறை இது. காலை வெயில் ஏறுவதற்கு முன்பே ஆரம்பித்துவிடுவார். சூடான மூடியில் தண்ணீர் துடைப்பதற்குள் காய்ந்து கறையாகிவிடும். மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் நூலாம்படையை எடுப்பார். பிறகு ஸ்பிரே பாட்டிலில் ஒரு சொட்டு ஷாம்பு கலந்த தண்ணீரைத் தாராளமாக அடித்து, மணல் தானாக வழியும்வரை விடுவார். அதன் பிறகுதான் நனைந்த மைக்ரோஃபைபர் துணி, அதுவும் அழுத்தாமல். கடைசியில் அலசுவதற்கு ஆர்.ஓ தண்ணீர் அல்லது பிடித்துவைத்த மழைத்தண்ணீர். எங்கள் போர் தண்ணீர் உப்பு, காய்ந்தால் அதுவே வெள்ளை வட்டம் போடும். பழைய வட்டத்துக்கும் சுண்ணாம்புப் புள்ளிக்கும் வினிகரில் சரிபாதி தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஐந்து நிமிடம் ஒற்றி வைத்தால் இளகிவிடும். சுரண்டவே கூடாது.

மூடியைக் கழற்றுவது வருடத்துக்கு ஒரு முறை, பங்குனி சித்திரையில் மட்டும். ஐப்பசி மழையில் திறந்தால் ஈரக்காற்றையும் சேர்த்துத்தான் மூடுவோம், விடிகாலையில் உள்ளே நீர்கோத்து நிற்கும். திறக்கும்போது ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தை மாற்றுவேன். லென்ஸைச் சுற்றிய கறுப்பு ஸ்பாஞ்ச் வளையம் மூடியோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்ப்பேன். அது விலகியிருந்தால் எல்.இ.டி. ஒளி உள்ளுக்குள்ளேயே லென்ஸுக்குக் கசியும். வெளியே எத்தனை துடைத்தாலும் படம் தெளியாது. முகப்பில் ஒரு கேமராவுக்கு இதுதான் கோளாறு. விரலால் அழுத்தி வைத்ததோடு சரியாயிற்று. மூடியின் உள்பக்கத்தில் மட்டும் விரல் படக்கூடாது.

சிலந்திதான் இன்னும் ஓயவில்லை. மழைக்காலத்தில் பூச்சி வரும், பின்னாலேயே சிலந்தியும் வரும். காற்றில் வலை ஆடினால் இரவெல்லாம் போனில் அலர்ட் அடித்துக்கொண்டே இருக்கும். முகப்புக் கேமராவுக்குப் பத்தடி தள்ளித் திண்ணையில் ஒரு பல்பு போட்டோம். ஈசலும் பூச்சியும் அங்கே போய்விட்டன, முகப்பில் வலை வெகுவாகக் குறைந்தது. பின்கட்டில் அந்த வசதி இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஒட்டடைக்கம்பின் நுனியில் மென்மையான துணி கட்டிக் கேமராவைச் சுற்றியுள்ள சுவரைத் துடைக்கிறோம். வேப்பெண்ணெய் தடவினால் வராது என்றார்கள். சுவரில் தடவிப் பார்த்தோம், சில நாள்தான் தாங்கியது. மூடியில் எண்ணெய் பட்டால் அதுவே புது மங்கல்.

துடைத்த பிறகும் படம் இருட்டாக இருந்தால் எல்.இ.டி.யைச் சோதியுங்கள். இரவில் போனின் முன்கேமராவை அதன் பக்கம் காட்டினால் பல போன்களில் எரிகிற எல்.இ.டி. ஊதா வெள்ளையாகத் தெரியும்.

கீறிய பின்கட்டு மூடிக்கு அந்த மாடலில் தனி மூடி கிடைக்கவில்லை. போன வருடம் அந்த இடத்தில் மட்டும் டோம் மூடி இல்லாத டரெட் வகைக் கேமரா மாட்டிவிட்டேன். அதில் லென்ஸும் எல்.இ.டி.யும் தனித்தனிக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால் தூசி படிந்தாலும் இவ்வளவு மூட்டம் வருவதில்லை. திறந்த வெளியில் புதிதாக மாட்டுகிறவர்களுக்கு நான் அதையே சொல்வேன். முகப்பிலும் சந்திலும் பழைய மூன்று டோமும் ஓடுகின்றன. நேற்று இரவு இரண்டு மணிக்கு ஓட்டு மேல் மரநாய் ஒன்று நடந்து போனது, அதன் மீசைகூடத் தெரிந்தது.