கோஆர்டினேட் சரி பண்ணித் தர்றோம்னு சொல்றவங்ககிட்ட ஃபைலக் கொடுக்குறதுக்கு முன்னாடி இதப் படிச்சிருங்க

காரைக்குடி சுத்துவட்டாரத்துல பழைய வீடுகள அளந்து ரெவிட்ங்கிற கட்டட மாடல் சாஃப்ட்வேர்ல மாடல் போட்டு புதுப்பிக்கிற வேலை என்னோடது. எனக்கு நடந்தத அப்படியே எழுதுறேன், இதே வேலைல இருக்க நம்ம பசங்க நிறைய பேரு இருக்கீங்க, யாரும் இப்படி மாட்டிக்கக் கூடாது.

கானாடுகாத்தான்ல ஒரு வீடு. முகப்பு ஒரு தெருவுல, பின்வாசல் அடுத்த தெருவுல, முன்வாசப்படில நின்னு பாத்தா பட்டாலை, வளவு (நடு முற்றம்), ரெண்டாங்கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டி பின்வாசல் வெளிச்சம் தெரியும், நேர்கோட்டுல 62 மீட்டர். ரெண்டு வருசம் உக்காந்து போட்ட மாடல். வளவுத் தூண் ஒவ்வொண்ணும், போதிகைச் செதுக்கும், பர்மா தேக்கு நிலைக்கதவும், ஆத்தங்குடிக் கல்லு எங்க பூ மாறுது எங்க கரை மாறுதுங்கிறது வரைக்கும் அதுல இருக்கு. ஆரம்பத்துல டோட்டல் ஸ்டேஷன் (கோணமும் தூரமும் அளக்குற சர்வே கருவி) வெச்சு அளந்த சர்வேயர் எல்லாரும் செய்றதுதான், முன்படி மூலையோட கோஆர்டினேட்ட, அதாவது அது இருக்க எடத்தச் சொல்ற எண்ண, அவரா 1000, 1000, மட்டம் 100ன்னு வெச்சுக்கிட்டாரு. ஒரு வீட்ட மட்டும் வரையிறதுக்கு அதுவே போதும், தப்பே இல்ல.

பிரச்சனை எப்ப வந்துச்சுன்னா, மழைத்தண்ணி. இந்த வீடுகள்ல ஓட்டுத் தண்ணி வளவுல விழுந்து தரைக்கடில இருக்க வாய்க்கால் வழியா வெளிய போய் ஊரணில சேரும். அந்த வாய்க்கால் தூந்து போயி வருசக்கணக்காச்சு. அதத் திரும்ப எடுத்து விடணும்னு வீட்டு ஆச்சி ரொம்ப ஆசைப்பட்டாங்க. அதுக்காக தெருவையும் ஊரணியையும் ட்ரோன் வெச்சு சர்வே எடுத்தோம், அது டபிள்யூஜிஎஸ் 84, யூடிஎம் ஸோன் 44ல வந்துச்சு, அதாவது பூமில ஒரு எடம் எங்க இருக்குன்னு மீட்டர்ல சொல்ற உலகக் கட்ட முறைல. நம்ம பக்கத்துக்கு ஈஸ்டிங் (கிழக்கு எண்ணு) ரெண்டரை லட்சம் மீட்டருக்கு மேல, நார்திங் (வடக்கு எண்ணு) 11 லட்சத்து 25 ஆயிரம் பக்கத்துல. வீடு 1000, 1000ல இருக்கு, தெரு 11 லட்சத்துல இருக்கு, ரெண்டும் ஒரே ஃபைல்ல ஒண்ணா உக்காரணும்.

எனக்கு அப்ப கையில வேற ரெண்டு வேலை, பின்கட்டுல கூரை பிரிச்சுக் கெடக்கு. அதனால வெளியூர்ல பிம் (கம்ப்யூட்டர்ல கட்டட மாடல் போடுற) வேலை செய்ற ஒரு நிறுவனத்துகிட்ட கொடுத்தேன். 85,000 ரூபா பேச்சு, ஒரு வாரத்துல முடிச்சிருவோம், தினமும் செய்ற வேலைதான் சார்னு சொன்னாங்க. 30,000 அட்வான்ஸ் போட்டேன்.

முதல் தடவ வந்த ஃபைலத் தொறந்தா ஷீட் (வரைபடத் தாள்) எல்லாம் வெறிச்சுன்னு இருக்கு. வீட்டையே தூக்கி நகத்தி வெச்சிருக்காங்க! யூடிஎம் எண்ணுக்கு முழுசா போகணும்னா ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல போகணும், ரெவிட்ல இன்டர்னல் ஒரிஜின்ங்கிற உள் ஆரம்பப் புள்ளிலேர்ந்து 10 மைல், அதாவது 16 கிலோமீட்டருக்குள்ளதான் எதையும் வரையணும், அதனால முன்னாடி இருக்க இலக்கத்த எல்லாம் வெட்டி விட்டுட்டு மிச்ச எண்ணுக்கு நகத்திட்டாங்க. மாடல் போயிருச்சு, ஆனா ஒவ்வொரு வியூவுலயும் தனித்தனியா போட்ட டீட்டெய்ல் கோடு, எழுத்து, கிராப் எல்லாம் பழைய எடத்துலயே நிக்கிது. ரெண்டு வருச அளவுக் குறிப்பு அத்தனையும் அந்தரத்துல தொங்குது.

இதுல தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான். கோஆர்டினேட் சரி பண்றதுன்னா வீட்ட நகத்துறது இல்ல. வீடு இருந்த எடத்துலயே இருக்கணும், உலகத்துல உன்னோட விலாசம் இதுன்னு அதுக்குச் சொல்லிக் கொடுக்கணும், அவ்வளவுதான். அதுக்குத்தான் ரெவிட்ல ஷேர்டு கோஆர்டினேட்டுன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்காங்க. தெரிஞ்ச ஒரு புள்ளியத் தொட்டு ஸ்பெசிஃபை கோஆர்டினேட்ஸ் அட் பாயின்ட்ல நார்திங், ஈஸ்டிங், மட்டம், வடக்குக் கோணம் நாலையும் கொடுக்கணும், இல்லாட்டி சரியா உக்கார வெச்ச சர்வே லிங்க்லேர்ந்து அக்கொயர் பண்ணணும், அதாவது அதோட கோஆர்டினேட்ட எடுத்துக்கணும். ஒரு செவுரு கூட அசையாது.

இதச் சொல்லித் திருப்பி அனுப்புனேன். நாலு நாள்ல ரெண்டாவது ஃபைல் வந்துச்சு. இந்தத் தடவ ஷீட்டெல்லாம் ஒழுங்கா இருக்கு, பிளான்ல நாலு மூலைலயும் யூடிஎம் எண்ணு அழகா இருக்கு, கூடவே டோட்டல் ஸ்டேஷன்ல ஏத்திக்கிறதுக்கு எக்செல் ஒண்ணும் கொடுத்திருந்தாங்க. பாத்த உடனே மனசு லேசாயிருச்சு, இன்னொரு 30,000 அன்னைக்கே போட்டு விட்டேன். அங்கதான் தப்பு பண்ணேன், ஒரு எண்ணக் கூட கிளிக் பண்ணிப் பாக்கல.

பின்தெரு பக்கம் காம்பவுண்ட் செவுரும் வாய்க்கால் தொட்டியும் குறிக்கிறதுக்கு அந்த எக்செல்ல வெச்சு முளை அடிச்சோம். முன்வாசல் புள்ளி டக்குன்னு உக்காந்துச்சு. பின்னாடி போயி சர்வேயர் பையன் பிரிசம் கம்பிய நிறுத்துனான், கொத்தனார் அண்ணன் முளைய வெச்சு ஒரு அடிதான் அடிச்சிருப்பாரு, பக்கத்து வீட்டுப் பெரியவரு திண்ணைலேர்ந்து எந்திரிச்சு வந்தாரு. சத்தம் போடல. குனிஞ்சு அந்த முளையத் தொட்டுப் பாத்துட்டு, "தம்பி, இது எங்க எடம்ல"ன்னாரு. டேப் பிடிச்சுப் பாத்தா பழைய எல்லைக் கல்லுலேர்ந்து 42 சென்டிமீட்டர் அங்கிட்டுப் போயிருக்கு. ஆச்சி ஒண்ணும் பேசாம உள்ள போயிட்டாங்க. ரெண்டு வீட்டுக்கும் பங்காளி உறவு, கோயில்ல ஒண்ணா நிக்கிறவங்க, எல்லை விசயத்துல ஒரு வார்த்தை வந்துட்டா எத்தன வருசம் ஆகும்னு நம்ம ஊர்க்காரங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. அன்னைக்கு நான் பட்ட கூச்சம் இன்னும் போகல.

ராத்திரி ஃபைல நோண்டுனேன். ஷீட்டுல இருந்த எண்ணு ஒண்ணு கூட ஸ்பாட் கோஆர்டினேட் (மாடல்லேர்ந்து தானா எண்ண எடுத்துக் காட்டுற குறி) இல்ல, எல்லாம் டெக்ஸ்ட், கையால டைப் பண்ணி ஒட்டிருக்காங்க. சர்வே பாயின்ட், அதாவது மாடல வெளி உலக எண்ணோட கட்டுற புள்ளி, நான் கொடுத்தப்ப எங்க இருந்துச்சோ அங்கயே இருக்கு. எக்செல் மட்டும் வெளிய ஆட்டோகேட்ல போட்டுச் செஞ்சது, அதுல முன்வாசல் ஒரு புள்ளிய மட்டும் பொருத்திட்டு வடக்க உண்மை வடக்குக்குத் திருப்பிட்டாங்க. யூடிஎம் கட்டக் கோடு காட்டுற வடக்கும் பூமியோட உண்மை வடக்கும் ஒண்ணு இல்ல. ஸோன் 44க்கு நடுக்கோடு 81 டிகிரி, நாம அதுலேர்ந்து ரெண்டு டிகிரிக்கு மேல மேக்க இருக்கோம், அதனால கானாடுகாத்தான்ல ரெண்டு வடக்குக்கும் கிட்டத்தட்ட 0.39 டிகிரி வித்தியாசம் வரும். 62 மீட்டர் நீளத்துக்கு அந்தக் கோணத்தப் போட்டுப் பாருங்க, சரியா 42 சென்டிமீட்டர். முன்னாடி பூச்சியம், பின்னாடி 42. நம்ம வீடு மாதிரி நீளமான வீடுகளுக்கு ஒரு புள்ளிய மட்டும் பாத்து ஓகே சொன்னா இதான் நடக்கும்.

மட்டத்துலயும் கோளாறு. ஜிபிஎஸ் கொடுக்குற உயரம் கடல் மட்டத்துலேர்ந்து இல்ல, நம்ம பக்கம் ரெண்டுக்கும் 90 மீட்டர் போல வித்தியாசம் வரும். அவங்க பெஞ்ச்மார்க் (கடல் மட்டத்துலேர்ந்து உயரம் தெரிஞ்ச சர்வே குறி) பாக்காம முழுசா 90ன்னு ஒரு எண்ணப் போட்டுக் கூட்டிருக்காங்க. வாய்க்காலுக்கு மொத்த வாட்டமே அரையடி ஒரு அடிதான், அதுல இப்படிக் குத்துமதிப்பு போட்டா ஊரணித் தண்ணி வளவுக்குள்ள வந்துரும்.

போன் பண்ணா முதல் நாள், "சாஃப்ட்வேர் டாலரன்ஸ் சார்." ரெண்டாம் நாள், "உங்க சர்வே தப்பு." அப்புறம் எடுக்கல. பில்லு கேட்டேன், வரல. வக்கீல்கிட்ட கேட்டதுக்கு, தொழிலுக்காக வாங்குன சேவைன்னு சொல்லி கன்ஸ்யூமர் கோர்ட்ல தள்ளப் பாப்பாங்க, சொந்தப் பிழைப்புக்காகத்தான் இந்தத் தொழில்னு காட்டணும், அதுக்கு எழுத்துல ஏதாவது இருக்கான்னு கேட்டாரு. எல்லாம் வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டு. நோட்டீஸ் மட்டும் அனுப்பிருக்கோம்.

வேலைய நானும் சர்வேயர் பையனும் பழைய பேக்கப் ஃபைல எடுத்து மூணு நாள்ல முடிச்சோம். முன்படி மூலைலயும் பின்வாசல் மூலைலயும் டிஜிபிஎஸ் (துல்லியமான சர்வே ஜிபிஎஸ்) வெச்சு எடுத்தோம், அந்த ரெண்டையும் சேக்குற கோட்டோட கோணத்த வெச்சுத்தான் வடக்கக் கொடுத்தோம். மட்டத்த பெஞ்ச்மார்க்லேர்ந்து லெவல் மெஷின் வெச்சுக் கொண்டாந்தோம். இதுல ஒண்ணு, யூடிஎம்ல நம்ம பக்கம் தூரம் கொஞ்சம் நீண்டு காட்டும், 62 மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் கூட வரும், அதப் பாத்துட்டு மாடல் தப்புன்னு செவுர இழுத்துராதீங்க, தரைல டேப்புல வர்றதுதான் உண்மை. கடைசியா கணக்குல சேக்காத ஒரு புள்ளி, வளவுல வடகிழக்குத் தூணோட அடிக்கல்லு, அதத் தனியா அளந்து மாடல் சொல்ற எண்ணோட ஒப்பிட்டோம், 8 மில்லிமீட்டர் வித்தியாசம். அதுக்கப்புறந்தான் முளை அடிச்சோம், பெரியவரையும் கூப்பிட்டு நிக்க வெச்சு.

நீங்க வெளிய கொடுக்குறதா இருந்தா ஃபைல டிட்டாச் பண்ணி, அதாவது மூல ஃபைலோட தொடர்ப அறுத்துட்டு, காப்பி மட்டும் கொடுங்க. கணக்குல சேக்காத மூணாவது புள்ளி சைட்டுல ஒத்து வந்தாத்தான் மிச்சப் பணம்னு எழுத்துல வாங்கிக்கங்க. ஃபைல் வந்த உடனே ஷீட்டுல ஏதாவது ஒரு எண்ணக் கிளிக் பண்ணுங்க, டெக்ஸ்ட்டுன்னு காட்டுச்சுன்னா அங்கயே நிறுத்திருங்க.

அவங்க பேரு இங்க போட முடியாது. அவங்க அனுப்புன ரெண்டு ஃபைலும் எக்செல்லும் அழிக்காம வெச்சிருக்கேன், இதே மாதிரி வேலை கொடுத்துட்டுச் சந்தேகத்துல இருக்கவங்க உங்க ஃபைலோட வாங்க, பக்கத்துல உக்காந்து பாத்துச் சொல்றேன், காசு வேணாம்.