லினக்ஸ் தின் கிளையன்ட் அமைத்துத் தருகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை

திருப்பூரில் உள்ள எங்கள் வரி ஆலோசனை அலுவலகத்துக்குத் தின் கிளையன்ட் (மென்பொருள் சர்வரில் ஓட, மேசையில் திரையை மட்டும் காட்டும் சிறு கணினி) அமைத்துத் தருவதாகச் சொன்ன ஒரு கணினிக் கடையிடம் 3,40,000 ரூபாய் கொடுத்து ஏமாந்து நிற்கிறோம்.

திட்டத்தில் குறையில்லை. சர்வரில் லினக்ஸ், அதன்மேல் கேவிஎம் என்ற மெய்நிகர் கணினி மென்பொருள் வழியாக ஒரு விண்டோஸ் சர்வர், மேசைகளில் ஹார்ட் டிஸ்க் இல்லாத சிறு பெட்டிகள். அவை நெட்வொர்க்கிலிருந்து லினக்ஸைப் பூட் செய்து, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் சேவையில் உள்ள ரிமோட் ஆப் முறையில், சர்வரில் ஓடும் டேலி கணக்கு மென்பொருளின் ஜன்னலை மட்டும் திரைக்குக் கொண்டுவரும். பொருத்திய அன்று எல்லா மேசைகளிலும் டேலி ஒன்றாகத் திறந்தது. விண்டோஸ் லைசென்ஸுக்குத் தனியாகப் பணம் உண்டா என்று கேட்டதற்கு, "எல்லாம் இந்தத் தொகைக்குள்ளேயே அடக்கம் சார், பில்லில் ஒரே வரியாகப் போட்டிருக்கிறோம்" என்று உரிமையாளர் புன்னகையோடு சொன்னார். அந்தச் சொல்லை நம்பித்தான் மீதித் தொகைக்கும் காசோலை கொடுத்தோம்.

ரிமோட் டெஸ்க்டாப் சேவையை நிறுவினால் லைசென்ஸ் இல்லாமலே 120 நாள்கள் ஓடும் என்பது மைக்ரோசாஃப்ட் தரும் சலுகைக் காலம். சர்வரை அணுகுவதற்கான உரிமமான சர்வர் கேலோடு, ரிமோட் டெஸ்க்டாப்புக்கான உரிமமான ஆர்டிஎஸ் கேலையும் அதற்குள் ஆளுக்கோ கருவிக்கோ வாங்கியாக வேண்டும். கடைக்காரர்கள் ஒன்றைக்கூட வாங்கவில்லை. மாதாந்திர ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர் 3பி தாக்கலுக்குரிய 20ஆம் தேதி நெருங்கிய வேளையில், லைசென்ஸ் சர்வர் இல்லை என்ற செய்தியோடு எல்லாப் பெட்டிகளும் நின்றன.

கடைக்காரர்களை அழைத்தால், நெட்வொர்க் சுவிட்சை அணைத்துப் போடச் சொன்னார்கள். பிறகு இணையம் மெதுவாக இருக்கும் என்றார்கள். சர்வரோ பக்கத்து அறையில் இருக்கிறது! அடுத்து, மைக்ரோசாஃப்ட் விதியை மாற்றிவிட்டதாம், லைசென்ஸுக்குப் புதிதாகப் பணம் கட்ட வேண்டுமாம். 3,40,000 ரூபாய் வாங்கியது எதற்கு என்று கேட்டபின் தொலைபேசியையே எடுப்பதில்லை.

வேறொரு தொழில்நுட்பரை அழைத்துப் பார்த்தபோது, விண்டோஸ் சர்வரே 180 நாள் சோதனைப் பதிப்பு என்று தெரிந்தது. அதன் டெஸ்க்டாப் மூலையில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. டேலி ஜன்னல் மட்டுமே தெரியும்படி அமைத்ததால் அலுவலகத்தில் எவர் கண்ணிலும் படவில்லை. அந்தக் கெடுவும் முடிந்தால் சர்வர் மணிக்கொரு முறை தானாகவே அணைந்துவிடுமாம்.

இப்படி அமைக்க எண்ணுபவர்கள், விண்டோஸ் சர்வர், சர்வர் கேல், ஆர்டிஎஸ் கேல் மூன்றையும் எண்ணிக்கையோடு பில்லில் தனித்தனி வரியாகக் கேளுங்கள். லைசென்ஸ் உங்கள் நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். சர்வரின் டெஸ்க்டாப்பை நேரில் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.